ஒரே அடுப்படி, இரண்டு வாசல்

பெரிய சைவ ஓட்டல் எதற்குப் போனாலும் கீழே ஒரு ஹால், மாடியில் ஏசி ஹால். அடுப்படி ஒன்றுதான், மாஸ்டரும் ஒருவர்தான். கீழே வருகிற அதே நெய் ரோஸ்ட் மாடிப்படி ஏறிவிட்டால் முப்பது ரூபாய் கூடிவிடும். இரண்டு இடத்துச் சாம்பார் வாளியும் ஒரே அண்டாவில்தான் நிரம்புகிறது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் சண்டை போடுவதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அரசாங்கமே இதை ஏற்றுக்கொண்டு, ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏசி இருந்தால் 18 என்று வைத்தது. அதே நவம்பரில் இரண்டுக்கும் 5 என்று மாற்றிவிட்டார்கள்.

சாதாரணக் கார் செய்கிற கம்பெனி தனியாக ஒரு சொகுசு பிராண்டு தொடங்கலாமா என்ற கேள்வியை எடுத்தாலே எனக்கு அந்த மாடிப்படிதான் கண்ணில் வருகிறது. இரண்டு மூன்று வாரமாக நோட்டில் கிறுக்கியதை அப்படியே தருகிறேன். வரிசை கிடையாது.

*

என் பாட்டி எந்தக் காரையும் ‘பிளசர்’ என்றுதான் சொல்வாள். அப்பா காலத்தில் அம்பாசிடர், ஃபியட் என்று பெயர் பிரிந்தது. பணக்காரனைச் சொல்ல அன்றும் இன்றும் ஒரே சொல்: பென்ஸ். ‘பென்ஸ் கார்ல வந்து இறங்குனான்’ என்றால் அது நிஜமாகவே பென்ஸாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அறுபது எழுபது வருஷமாக ஊர் வாயில் ஊறிய ஒரு சொல்லோடு போட்டி போட, போன வருஷம் பதிவு செய்த பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் வருகிறான் என்றால் அவன் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

*

இந்தக் கதையெல்லாம் ஆசையில் தொடங்கியதாக நினைக்கிறோம். தொடங்கியது ஒரு தடையில்.

1981-இல் அமெரிக்கா கொடுத்த நெருக்கடியில், ஜப்பான் ‘தானாக முன்வந்து’ தன் கார் ஏற்றுமதிக்கு வருஷத்துக்கு 16.8 லட்சம் என்று வரம்பு போட்டுக்கொண்டது. வரம்பு எண்ணிக்கைக்குத்தான், விலைக்கு இல்லை. லாரிக்கு இத்தனை மூட்டைதான் என்று கட்டுப்பாடு வந்தால் வியாபாரி என்ன செய்வான்? உமியை இறக்கிவிட்டு ஏலக்காயை ஏற்றுவான். ஜப்பான்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். 1985-க்குப் பிறகு யென் மதிப்பும் ஏறிக்கொண்டே போனதில், சின்னக் காரில் கிடைத்துவந்த கொஞ்ச நஞ்ச லாபமும் கரைந்தது. மேலே ஏறியே தீரவேண்டிய நிலை.

முதலில் ஏறியது ஹோண்டா. 1986 மார்ச்சில் 60 டீலர்களோடு அமெரிக்காவில் அக்யூரா என்ற சொகுசு பிராண்டு. அதுவரை ஹோண்டா என்றால் அமெரிக்கனுக்குக் கல்லூரிப் பையன் வாங்குகிற சிக்கனக் கார்.

டொயோட்டா மெதுவாக வந்தது. 1983 ஆகஸ்டில் எய்ஜி டொயோடா தன் ஆட்களை உட்காரவைத்து, உலகத்தின் சிறந்த கார்களோடு மோதுகிற ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். 1985-இல் ஒரு குழு கலிபோர்னியாவின் லகுனா பீச்சில் வீடு எடுத்துத் தங்கி, பணக்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்தது. எந்த ஓட்டலில் இறங்குகிறார்கள், சாவியை யாரிடம் கொடுக்கிறார்கள், காரைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்றெல்லாம். கம்பெனிச் செலவில் இதைவிட நல்ல வேலை ஒன்று இருக்க முடியாது. இச்சிரோ சுசுகி என்ற பொறியாளர் தலைமையில் சுமார் 450 மாதிரி வண்டிகள் செய்து பார்த்தார்கள். செலவு 100 கோடி டாலருக்கு மேல். 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் லெக்சஸ் என்ற புதுப் பெயரில் எல்எஸ் 400 வந்தது. விலை 35,000 டாலர். அதே அளவு பென்ஸின் விலையில் பாதிக்குச் சற்று மேல்.

விளம்பரமும் ஞாபகம் இருக்கிறது. பானெட்டின் மேல் ஷாம்பெய்ன் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, உருளைகளின் மேல் சக்கரத்தை மணிக்கு 230 கிலோமீட்டர் வேகம் வரை ஓடவிட்டார்கள். ஒரு கோப்பையும் ஆடவில்லை. நம் ஊரில் எடுத்திருந்தால் டம்ளரில் ஃபில்டர் காபி வைத்திருப்பார்கள், நுரை அசையாமல்.

*

நீதிமன்றமும் இதில் உண்டு. லெக்சிஸ் என்ற சட்டத் தரவுச் சேவைக்காரர்கள் எங்கள் பெயரைத் திருடிவிட்டீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். முதல் தீர்ப்பு டொயோட்டாவுக்கு எதிராகவே போனது. 1989 மார்ச்சில், வண்டி விற்பனைக்கு வர ஆறே மாதம் இருக்கும்போது, மேல்முறையீட்டில்தான் பிழைத்தார்கள்.

2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா தன் மின்சார வண்டிகளை மேடை ஏற்றியபோது அதில் ஒன்றின் பெயர் பிஇ 6இ. இண்டிகோ விமானக் கம்பெனி, 6இ எங்களுடையது என்று நீதிமன்றம் போனது. மஹிந்திரா பத்துப் பன்னிரண்டு நாளில் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு பிஇ 6 ஆக்கியது. புதுப்பெயர் வைக்கிறவனுக்கு முதல் செலவு வக்கீல் ஃபீஸ்.

*

லெக்சஸ் என்ற பிராண்டு பிறந்தது டெட்ராய்ட்டில் என்று எழுதுவார்கள். என் கணக்கில் அது பிறந்தது 1989 டிசம்பரில்.

விற்பனை தொடங்கி மூன்று மாதம். நடு பிரேக் விளக்கிலும் குரூஸ் கண்ட்ரோலிலும் கோளாறு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய புகார்கள். அதுவரை விற்ற சுமார் 8,000 வண்டிகளையும் திரும்ப அழைக்க வேண்டும். வேறு கம்பெனியாக இருந்தால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கும்: தங்கள் அருகிலுள்ள டீலரை அணுகவும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்தார்கள். வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். டீலர் பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு மெக்கானிக்கை விமானத்தில் அனுப்பினார்கள். திரும்பி வந்த வண்டி கழுவி, டேங்க் நிரப்பி வந்தது. மூன்று வாரத்தில் வேலை முடிந்தது.

பழுது என்பது அவமானம்தானே. புதுக்கடை, முதல் பந்தியிலேயே சோற்றில் கல். ஆனால் அந்த மூன்று வாரத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் லெக்சஸ் என்ற பெயருக்கு ஒரு அர்த்தம் வந்தது. கோப்பைக் கோபுரத்தால் வந்ததைவிட இதனால் வந்தது அதிகம் என்றே நினைக்கிறேன்.

*

திருச்செங்கோட்டில் என் அக்கா வீட்டுக்காரர் ரிக் வண்டி தொழில் செய்கிறார். போர் போடுகிற ரிக். ஆந்திரா, ஒடிசா என்று வருஷத்தில் பாதி நாள் வண்டிகள் வெளியில்தான். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், சாதாரணக் கார் விற்கிற ஒரு கம்பெனியின் உச்சி மாடலை வாங்கினார். பெயர் வேண்டாம். விலை நாற்பது லட்சத்தை ஒட்டி. நல்ல வண்டி. நானே ஓட்டியிருக்கிறேன், ஸ்டீயரிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் பெரிய சர்வீஸுக்கு நானும் கூடப் போனேன். காலை எட்டரைக்கு வாசலில் டோக்கன். நம்பர் 23. முன்னால் இருபத்திரண்டு வண்டி, அதில் பாதி மஞ்சள் போர்டு. டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு அன்றைய சவாரி போய்விடும் என்ற அவசரம், நியாயமானது. இரும்பு நாற்காலி வரிசை, காபி மெஷினில் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ தாள். அட்வைசர் பையனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். டேப்பில் மாடல் பெயரைத் தேடித் தேடிப் பார்த்து, “சார், இந்த மாடல் எங்களுக்கு இதுதான் ரெண்டாவது வண்டி” என்றான். பெருமையாகத்தான் சொன்னான். பின்பக்கக் கதவில் ஒரு சத்தம் என்று மாமா சொன்னதை ஜாப் கார்டில் எழுதிக்கொண்டான். சாயந்திரம் ஐந்து மணிக்கு வண்டி வந்தது. வாட்டர் வாஷ் பண்ணி, டாஷ்போர்டில் பளபளப்புத் தடவி, சத்தத்தோடு. பார்ட் ஆர்டர் போட்டிருக்கிறோம், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். மூன்று மாதம் ஆயிற்று.

திரும்பி வரும்போது மாமா சங்ககிரி தாண்டும்வரை பேசவில்லை. பிறகு சொன்னார்: “வண்டி மேல குத்தமில்லீங்க மாப்ள. நாப்பது லட்சத்தைக் குடுத்துப்போட்டு டோக்கன் வாங்கி உக்காந்திருக்கறனே, அதுதான்.”

அந்தப் பையன் மேல் தப்பில்லை. நாள் முழுக்க ஆறு லட்ச ரூபாய்க் கார்களைப் பார்க்கிறவனிடம் நாற்பது லட்ச ரூபாய்க் காரைத் தள்ளிவிட்டால் அவன் என்ன செய்வான்? மெஸ்ஸில் உட்காரவைத்து ஐநூறு ரூபாய்ச் சாப்பாடு போட்டதுபோல. பண்டம் சரி, பந்தி சரியில்லை.

*

ஃபோக்ஸ்வேகன் ஃபேட்டன். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

கம்பெனியின் அன்றைய தலைவர் ஃபெர்டினாண்ட் பியெச் பிடிவாதக்காரர். வெளியே 50 டிகிரி வெயிலில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க ஓட்டினாலும் உள்ளே 22 டிகிரி இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்ததாகச் சொல்வார்கள். வண்டியின் வேகத்தையே 250-இல் கட்டிப்போட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். டிரெஸ்டன் நகரத்துக்கு நடுவில் கண்ணாடியாலேயே ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். தரையெல்லாம் மரம், தொழிலாளர்களுக்கு வெள்ளை உடுப்பு. உதிரிபாகங்கள் சரக்கு டிராமில் நகரத் தெருக்கள் வழியாக வந்தன. 2002-இல் கார் வெளிவந்தது. பென்ட்லி கான்டினென்டல் ஜிடியும் இதே அடித்தளத்தில் பிறந்ததுதான்.

இத்தனையும் செய்துவிட்டு முன்னால் ‘வி டபிள்யூ’ வில்லையை ஒட்டினார்கள். மக்கள் கார் என்று பெயரிலேயே இருக்கிற கம்பெனி. அமெரிக்காவில் ஜெட்டா, கோல்ஃப் நிற்கிற அதே ஷோரூமில், அதே சேல்ஸ்மேன், 65,000 டாலருக்கு மேல் விலை சொன்னார். மூன்று வருஷத்தில் மூவாயிரத்துச் சொச்சம் விற்று 2006-இல் கடையைக் கட்டினார்கள். மற்ற நாடுகளில் 2016 வரை இழுத்தது. மொத்தம் ஏறத்தாழ 84,000 வண்டிகள்.

வேடிக்கை என்னவென்றால் சொகுசு பிராண்டு வேண்டும் என்றால் அவர்கள் கையிலேயே ஆடி இருந்தது. தன் வீட்டு மாடியில் ஏசி ஹாலை வைத்துக்கொண்டே கீழ் ஹாலில் மாடி விலை கேட்டால் எவன் கொடுப்பான்?

சென்னையில் ஒருமுறை பழைய ஃபேட்டன் ஒன்றைப் பார்த்தேன், சேத்துப்பட்டுப் பக்கம், வேப்பமரத்தடியில், பூவெல்லாம் கொட்டிக் கிடந்தது. காவல்காரர் “பஸ்ஸாட் காருங்க” என்றார். நான் திருத்தவில்லை. அந்தக் காருக்கு உலகம் முழுக்க நடந்தது அதுதான்.

*

நிசான். 1989 நவம்பரில் இன்ஃபினிட்டி. விளம்பரத்தில் காரையே காட்டவில்லை. பாறை, மரம், குளம். ஜப்பானியத் தத்துவமாம். பாறையும் மரமும் நன்றாக விற்கிறதாமே என்று அமெரிக்காவில் கிண்டல் கிளம்பியது. தலைமையகத்தை 2012-இல் ஹாங்காங்குக்குக் கொண்டுபோனார்கள், 2020-இல் திரும்ப யோகோஹாமாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு மேற்கு ஐரோப்பாவை விட்டே போனார்கள். வீட்டை இத்தனை முறை மாற்றுகிற குடும்பத்துக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

நிசான் கீழ்ப்பக்கமும் ஒரு வாசல் வைத்துப் பார்த்தது. பழைய டட்சன் பெயரைத் தூசி தட்டி, 2014-இல் கோ என்ற மலிவுக் காரை ஒரகடத்தில் செய்து விற்றது. ஷோரூம் நிசானுடையதேதான். அந்த வருஷம் நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் சைபர் நட்சத்திரம். 2022-இல் டட்சன் நின்றுபோனது. மலிவு என்று தனிப்பெயர் எழுதி ஒட்டினால் நம் ஆட்கள் தொடமாட்டார்கள். ‘இல்லாதவன் வண்டி’ என்று நெற்றியில் எழுதிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

*

மஸ்டா அமாட்டி என்று ஒன்று அறிவித்தது, 1991 ஆகஸ்டில். 1992 அக்டோபரில் ரத்து செய்தது. ஒரு வண்டிகூட அந்தப் பெயரில் வெளியே வரவில்லை. இந்த நோட்டில் உள்ள எல்லா முடிவுகளிலும் இதுதான் புத்திசாலித்தனமானது என்று எனக்குப் படுகிறது. கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு நிறுத்துவதற்குத் தைரியம் வேண்டும்.

*

ஜப்பானில் லெக்சஸ் எப்போது வந்தது என்று நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் 1989 என்றார்கள். 2005. அதுவரை அதே எல்எஸ் அங்கே டொயோட்டா செல்சியர் என்ற பெயரில்தான் ஓடியது. சொந்த ஊரில் டொயோட்டா என்ற பெயருக்குக் கீழ்மை இல்லை. மன்னர் ஏறுகிற செஞ்சுரியும் டொயோட்டாதான், பெரிய அதிகாரி ஏறுகிற கிரவுனும் டொயோட்டாதான். தனிப்பெயர் என்பது மருந்து. நோய் இருக்கிற ஊரில் கொடுத்தார்கள்.

இதை நம் ஊருக்குப் போட்டுப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் டொயோட்டா என்ற பெயருக்கு என்ன குறை? கட்சிக் கொடி கட்டிய இன்னோவாவையும் ஃபார்ச்சூனரையும் நீக்கிவிட்டால் மாவட்டச் செயலாளர்கள் நடந்துதான் போகவேண்டும். ஃபார்ச்சூனரின் உச்சி மாடல் ஆன் ரோடு அரைக் கோடியைத் தாண்டும். வெல்ஃபயர் ஒரு கோடிக்கு மேல். இரண்டிலும் டொயோட்டா வில்லைதான், யாரும் முகம் சுளிப்பதில்லை. லெக்சஸ் 2017-இல் இந்தியாவுக்கு வந்து, 2020-இலிருந்து பிடதியில் இஎஸ் பூட்டுகிறார்கள். கேம்ரியின் அடுப்படியில் வெந்த கார் அது, அருமையான கார். திருச்செங்கோட்டில் அதை ஓட்டிக்கொண்டு போனால் “இதென்ன வண்டிங்க?” என்று கேட்பார்கள். ஃபார்ச்சூனரில் போனால் கேட்கமாட்டார்கள், வழி விடுவார்கள்.

*

நெக்ஸா. 2015-இல் மாருதி இந்தப் பெயரில் தனி ஷோரூம்களைத் தொடங்கியபோது நான் கொஞ்சம் நக்கலாகத்தான் எழுதினேன். கருப்புக் கோட்டு, வெள்ளைத் தரை, விமான நிறுவனத்திலிருந்தும் நட்சத்திர ஓட்டலிலிருந்தும் வந்த பையன்கள் கைகூப்பி வரவேற்க, உள்ளே ஒரு எஸ்-கிராஸ். காரின் மூக்கில் அதே சுசுகி ‘எஸ்’. நாலே வருஷத்துக்கு முன்னால் கிசாஷி என்று பதினாறரை லட்சத்துக்கு ஒரு செடானைப் பழைய ஷோரூமில் ஆல்ட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி அடிவாங்கிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. எஸ்-கிராஸும் தடுமாறியது. 2016 ஜனவரியில் விலையை இரண்டு லட்சம் வரை இறக்கினார்கள்.

காப்பாற்றியது பலேனோ. 4.99 லட்சத்தில் தொடங்கியது. ஏசி ஹாலில் இட்லி விற்க ஆரம்பித்தார்கள், கூட்டம் அள்ளியது. பிறகு இக்னிஸ், அதைவிடவும் விலை குறைவு. சொகுசு என்று இதை யாரும் சொல்ல முடியாது, அவர்களும் சொல்லவில்லை. ஆனால் ஆறு லட்சம் கொடுக்கிறவனுக்கும் கைகூப்பி ஒரு வரவேற்பு வேண்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தது பெரிய விஷயம். பத்து வருஷம் முன்னால் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பலேனோவேதான் டொயோட்டா ஷோரூமில் கிளான்சா. அண்டா ஒன்று, வாளி இரண்டு, ஓட்டலும் இரண்டு.

*

ஹூண்டாய் கதை எனக்குப் பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது, உயரமான டப்பா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கம்பெனி இங்கே சொனாட்டா, டெரகன், சான்டா ஃபே என்று மேலே ஏற எத்தனை முறை கை நீட்டியது! ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் நின்று மறைந்தது. காரில் குறை இருந்ததாக ஞாபகம் இல்லை.

அமெரிக்காவில் அவர்கள் செய்த ஒன்று எனக்குப் பிடிக்கும். 2010-இல் எக்வஸ் என்ற பெரிய காரை ஹூண்டாய் ஷோரூமிலேயே விற்றார்கள். கையேட்டுக்குப் பதில் ஐபேட் கொடுத்தார்கள், அதைத்தான் எல்லாரும் எழுதினார்கள். முக்கியமானது இன்னொன்று: சர்வீஸுக்கு வாடிக்கையாளர் வரவே வேண்டாம், நாங்களே வீட்டுக்கு வந்து எடுத்துப்போய், மாற்று வண்டி விட்டுச் செல்வோம் என்றார்கள். அதாவது எங்கள் காத்திருப்பு அறையை நீங்கள் பார்க்காமல் இருப்பது இருவருக்கும் நல்லது. தன் வீட்டை இவ்வளவு நேர்மையாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு.

2015 நவம்பரில் ஜெனிசிஸ் தனி பிராண்டு ஆனது. அடுத்து வந்தது டீலர் சண்டை. அமெரிக்காவில் ஹூண்டாய் டீலர்களில் யாருக்கு ஜெனிசிஸ், யாருக்கு இல்லை? கம்பெனி நூறு பேர் போதும் என்றது, மற்றவர்கள் விடவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் வாங்குவதற்குள் ஷோரூம்கள் காலியாகின. 2017-இல் 20,000-க்கு மேல் விற்றது 2018-இல் பாதியானது. நல்ல கார் தயாராக இருந்தது, விற்க வாசல் இல்லை. 2020-இல் ஜிவி80 வந்த பிறகுதான் மூச்சு வந்தது. 2024-இல் அமெரிக்காவில் 75,000. உலக அளவில் பத்து லட்சத்தை 2023-இல் தொட்டார்கள்.

முதல் ஜெனிசிஸ் செடான் ஹூண்டாய் பெயரிலேயே 2008-இல் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழு வருஷம் மடியில் வைத்து வளர்த்துத்தான் தனிக்குடித்தனம் வைத்தார்கள்.

*

பெற்றெடுக்காமல் தத்தெடுப்பது இன்னொரு வழி. டாடா 2008-இல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய கையோடு உலகப் பொருளாதாரம் படுத்தது, டாடா கெட்டது என்று எழுதாதவர் இல்லை. டாடா செய்த நல்ல காரியம், தன் பெயரை அந்தப் பக்கம் கொண்டுபோகாததுதான். ஃபோர்டு வேறொரு தப்பைச் செய்தது: மொண்டியோவின் எலும்பில் ஜாகுவார் எக்ஸ்-டைப் என்று ஒன்றைச் செய்தது. ஒரே அடுப்படி இருக்கலாம். ருசியில் தெரிந்துவிடக்கூடாது.

2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள், டாடா வண்டிகளும் ஜேஎல்ஆர் வண்டிகளும் அங்கே செய்ய. பட்டு நெசவுக்குப் பேர்போன வட்டாரம். ஒரே தறியில் கைத்தறித் துண்டும் பட்டுப் புடவையும் ஓடாது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கார் ஆலையில் ஓடுமா என்று பார்க்க வேண்டும். ஜாகுவாரை நிழல் விழாமல் வைத்திருப்பது இனிமேல்தான் கஷ்டம்.

*

கணக்கு. 2024-இல் இந்தியாவில் விற்ற கார்கள் சுமார் 43 லட்சம். அதில் சொகுசு என்று எண்ணப்படுபவை 50,000-ஐக் கொஞ்சம் தாண்டும். நூற்றுக்கு ஒன்று, கூடக் கொஞ்சம். அதிலும் பென்ஸ் 19,000-க்கு மேல், பிஎம்டபிள்யூ 15,000-க்கு மேல். மீதியைத்தான் ஆடி, ஜேஎல்ஆர், வால்வோ, லெக்சஸ் எல்லாரும் பிய்த்துக்கொள்கிறார்கள்.

பதினையாயிரம் சொச்சம் இலைகள் போட்ட பந்தி, ஏற்கெனவே ஏழெட்டுச் சமையல்காரர்கள். இதில் புதிதாக ஒருவர் இடம் பிடிக்க, ஊருக்கு ஊர் தனி ஷோரூம், தனி சர்வீஸ், அந்த மாடலைக் கண்ணால் பார்த்த மெக்கானிக், கையிருப்பில் பார்ட். பத்து வருஷம் நஷ்டம் காட்டினாலும் மும்பையிலோ சியோலிலோ யாரும் கேள்வி கேட்காத முதலாளி. லெக்சஸுக்கு அப்படி ஒருவர் இருந்தார். எத்தனை பேருக்கு இருக்கிறார்?

பெரும்பாலான கம்பெனிகளுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். வில்லை அடிக்க ஆகும் செலவு ஒன்றுமில்லை. டோக்கன் மெஷினை எடுக்கத்தான் செலவு.

*

ஜெனிசிஸை 2027-க்குள் இந்தியாவுக்குக் கொண்டுவருவோம் என்று ஹூண்டாய் 2025 அக்டோபரில் அறிவித்தது. செய்தியைப் பார்த்ததும் மாமாவுக்கு ஃபோன் செய்தேன். அந்த நாற்பது லட்ச வண்டியைக் கொடுத்துவிட்டு இப்போது மூன்று வருஷம் ஓடிய ஒரு செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் வண்டி வைத்திருக்கிறார். சர்வீஸ் பில்லை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார், கூடவே சிரிக்கிற முகம் ஒன்று. கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து வண்டியை எடுத்துப் போகிறானாம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானாம்.

ஜெனிசிஸின் படங்களை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்திருப்பார் போல.

“நல்லாத்தானுங்க இருக்குது மாப்ள. முன்னால றெக்கை மாதிரி வெச்சிருக்கறான்.”

“வாங்கறீங்களா மாமா?”

“அதைய அப்புறம் பாக்கலாமுங்க. சர்வீசு எங்க வெப்பான்? பழைய எடத்துலயேவா?”

தெரியாது என்றேன். ரிக் ஒன்று ராய்ப்பூர் பக்கம் பாறையில் சிக்கி நிற்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.